சாலை பஜாரின் வரவேற்பு வளைவு

திருவனந்தபுரம்
15-10-1956

அன்புள்ள அத்தானுக்கு மங்கலம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

அடுத்த மாதம் நம் நாகர்கோவில் சென்னை ராஜ்யத்தோடு சேர்கிறது. நான் வேலை பார்க்கும் இந்த ஊர் கேரளமாகிறது. அதற்காகச் சாலை பஜாரில் வரவேற்பு வளைவு கட்டுகிறார்கள். அதன் கீழே சாக்கடை பழையபடி நாறுகிறது. நம் பக்கத்து நாஞ்சில் அரிசி இல்லாமல் இந்த ஊரில் உலை கொதித்ததில்லை. நடுவே எல்லை வந்தால் விலை என்னாகும் என்று எந்த மேடையிலும் பேச்சில்லை.

அரிசிக்கடை நயினார் பிள்ளை இந்த வளைவுக்கும் நன்கொடை கொடுத்தார், நாகர்கோவில் வளைவுக்கும் கொடுத்தார்.

“ரெண்டும் சம்பந்தி வீடாக்கும், டீச்சரே! ஒரு எடத்தில மட்டும் கை நனைச்சா மத்தவன் பிணங்குவான்” என்று சிரித்தவர், “டீச்சர் எங்கோட்டு? இங்கயா, அங்கயா?” என்றார்.

கல்லூரியிலும் வெள்ளிக்கிழமைக்குள் அதைத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், இனி வேலை கேரளத்திலா, சென்னை ராஜ்யத்திலா என்று. இங்கே நின்றால் துறைத் தலைமை கிடைக்கும். உங்கள் கடிதத்தில் வாய்க்கால், நெல், ஊர்க் கொண்டாட்டம் எல்லாம் இருந்தன. நான் வர வேண்டுமா என்பது மட்டும் இல்லை.

நயினார் பிள்ளையின் லாரியில் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். சிறிய ஜாடி போதும், ஒரு ஆள்தானே. கூடவே, வா என்று ஒரு வரி இருந்தால் துறைத் தலைமையை நான் பெரிதாக நினைக்கமாட்டேன்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

மங்கலம்