ஏரிக்கரை மனையும் என் தலையாட்டலும்

ஆகஸ்ட் 5, திங்கள்
பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் தொண்டர் குழுவில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாமாண்டு வகுப்பில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு படிக்க வந்தவன் நான் ஒருவன்தான், மறுக்கத் தெரியவில்லை. வேலை இதுதான்: வகுப்பைக் கவனித்து, பாடத்தில் மண்ணுக்கும் நீருக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்து, எதைச் சேர்க்கலாம் என்று ஆசிரியருக்கு எழுதித் தருவது. பல்கலைக்கழகமே கேட்டுக்கொண்டது. எனக்கு ஜோடி தேவதர்ஷினி, வாய் ஓயாத பெண். "நீங்க எழுதுங்க சார், நான் பேசிக்கறேன்" என்றாள். நிம்மதி.

ஆகஸ்ட் 14, புதன்
பேராசிரியர் ஷ்யாம்சுந்தரின் பாடத்துக்கான குறிப்பை எழுதி முடித்தேன். நில மதிப்பு உயர்வதற்கு அவர் ஆண்டுதோறும் சொல்லும் உதாரணம், ஏரியை ஒட்டிப் போட்ட மனைகள். அதற்குக் கீழே எழுதினேன்: மழைக்கு அங்கே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஆகும் செலவு இதில் இல்லை, இது பாதிக் கணக்கு.
கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தேவதர்ஷினி விடவில்லை. "அதான் சார் கெத்து."

ஆகஸ்ட் 16, வெள்ளி
எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.
வகுப்பில் பேராசிரியர் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, "பாதிக் கணக்குன்னு எழுதினது யாரு?" என்று கேட்டார். நான் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஏன்? என்ன செய்துவிடுவார்? தேவதர்ஷினி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்தாள்.
"நான்தான் சார்."
"போன செமஸ்டர்ல பார்டர்ல பாஸானவ, எனக்குக் கணக்கு சொல்லித் தர்றியாம்மா?"
வகுப்பு சிரித்தது. அவரிடம் செய்வதாக இருந்த ஆய்வுக்கு வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியவர் நீங்க கூட இருந்தும் இப்படி எழுத விடலாமா சார்?" என்றார்.
நான் தலையாட்டினேன்.
ஆமாம், ஆட்டினேன்.

ஆகஸ்ட் 17, சனி
சாப்பாடு இறங்கவில்லை. "இந்த வயசுல காலேஜ்ல திட்டு வாங்கினீங்களா?" என்று மனைவி கோகிலவாணி சிரிக்கிறாள். வாங்கவில்லையே. அதுதானே.

ஆகஸ்ட் 20, செவ்வாய்
தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் தேவதர்ஷினி. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"நீங்க எழுந்திருக்கல, பரவால்ல சார். பயம் எல்லாருக்கும்தான் இருக்கு. ஆனா தலையாட்டுனீங்க பாருங்க..."
ரயில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்
பேராசிரியர் அறை வாசல்வரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது. திரும்பிவிட்டேன். சீ.

ஆகஸ்ட் 23, வெள்ளி
வகுப்பு தொடங்குமுன் எழுந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.
"அது நான் எழுதினது சார். இரும்புலியூர்ல என் வீடும் அந்த மாதிரி மனைதான். மழைக்கு அரிசி மூட்டையக் கட்டில் மேல வெச்சுட்டு நின்னோம். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."
என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உட்காருங்க" என்றார்.
தேவதர்ஷினி திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஒரு வாரம் கழித்து வரும் தைரியத்துக்கு என்ன பெயர்?

செப்டம்பர் 9, திங்கள்
ஏரிக்கரை மனையைப் பேராசிரியர் மறுபடி எடுத்தார். தண்ணீர் புகுந்தால் என்னென்ன வீணாகும் என்று என்னைக் கேட்டுக் கேட்டுப் போர்டில் எழுதினார். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தேவதர்ஷினியின் ஆய்வு மட்டும் போனது போனதுதான். அதை என்னால் திருப்பித் தர முடியாது.

செப்டம்பர் 18, புதன்
குழுவுக்கு அடுத்தது வணிகவியல் துறை. அங்கே பேராசிரியை அருள்மேரி இன்னும் கண்டிப்பாம். என்னோடு ஜோடி சேர யார் வருவார்கள் என்று தலை குனிந்தே உட்கார்ந்திருந்தேன். தேவதர்ஷினி வந்து, என் முன்னால் இருந்த வெற்றுத்தாள்களை எடுத்துக்கொண்டாள்.
"இந்தத் தடவ நான் எழுதறேன் சார். நீங்க பேசுங்க."
தலையாட்டப் போனேன். நிறுத்திக்கொண்டு, "சரி" என்று வாயால் சொன்னேன்.