இடது முன்சக்கரத்துப் புஷ்

தம்பிக்கு அண்ணி எழுதுவது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இரு.

உன் கடிதம் வந்தது. "அண்ணன் ஞாபகமா அந்த ராணுவ ஜீப்பை நானே வந்து முடிக்கிறேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்க வேணாம் அண்ணி" என்று எழுதியிருக்கிறாய். கை வைத்தாகிவிட்டது. நான்தான் வைத்தேன்.

அண்ணனும் தம்பியும் ஏலத்தில் எடுத்த வண்டி. பின்பக்கத்தில் சக்கரத்தின் குலுக்கலைத் தாங்குகிற கமான் பட்டை இரண்டையும் நீ கழற்றினாய். முன்பக்கத்தை அவர் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறினாய். வலதுபுறம் அரை நாளில் வந்துவிட்டது. இடதுபுறம், பட்டையை வண்டியோடு சேர்க்கிற ஷாக்கிளில் மரை போட்ட புஷ் இருக்கிறதே, அது துருவேறி அசையவில்லை. வலதைத் திருப்பிய மாதிரியே இதையும் திருப்பினார். மண்ணெண்ணெயில் ஊறவிட்டார், சுத்தியால் தட்டினார், நெருப்பு காட்டினார். பதினோரு நாள். போனில் உன்னைக் கேட்டதற்கு, "சோறுதானேண்ணே சாப்பிடுற? ஸ்பேனர்ல குழாயைச் சொருகி இழு" என்று சிரித்தாய். அவரும் சிரித்தார். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில், அந்தக் குழாயைப் பிடித்து இழுத்த இடத்திலேயே நெஞ்சு அடைத்து விழுந்தார். காரியத்துக்கும் நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். அதை விட்டுவிட்டேன்.

போன வாரம், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டியை நகர்த்தப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். அடியில் படுத்து, துணியால் கிரீஸைத் துடைத்து, "இங்க தொட்டுப் பாருங்கக்கா" என்றார். ஷாக்கிளில் மிளகு அளவு ஒரு புடைப்பு. அது இருந்தால் மரை எதிர்ப்பக்கமாம். "இத்தனை நாளும் அண்ணன் இதைக் கழட்டலக்கா, இறுக்கியிருக்காரு" என்றார். பின்னால் ஒன்றிலும் அதே புடைப்பு. அதை யார் கழற்றியது என்று கேட்டார். என் கொழுந்தன் என்றேன். "அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றவர், சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே குழாயைச் சொருகினேன். உன் அண்ணன் இறுக்கிய இறுக்கு, லேசில் விடவில்லை. எதிர்ப்பக்கமாக இழுத்த மூன்றாவது இழுப்பில் கீச்சென்று இளகியது. அப்புறம் விரலாலேயே சுற்ற வந்தது. விரலால், தம்பி.

உனக்குத் தெரியும். மறந்து போனாய் என்றால் மறந்தேன் என்று எழுது. கொஞ்சம் திண்டாடட்டும் என்று விளையாட்டுக்கு விட்டாய் என்றால் அதை எழுது. சுற்றி வளைத்து எழுதாதே, நான் அதிகம் படிக்காதவள், எனக்குப் புரியாது.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். குழாய் இடிக்கிற சத்தம் நின்றது. அப்பாடா, இன்றைக்காவது விட்டாரே என்று மிச்சத் துணியையும் அலசி, பிழிந்து, காயப்போட்டுவிட்டுத்தான் வாசலுக்கு வந்தேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

புஷ்ஷைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். லீவு கிடைக்கும்போது வா. உன் கையால் எடுத்துப் பார்.

அங்கே வேலையில் கனமான எதையும் தனியாக இழுக்காதே. சத்தம் நின்றால் எட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி