எட்டு மாதச் சாட்சி

5 பெப்ரவரி 2025, புதன்

கிளினிக் போய் வந்தேன். கடையில் புதுத் துணி இறங்குகிறது, வெள்ளனவே போக வேண்டும் என்று கிறிஸ்தோபரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு ஸ்கூல் வேனை எடுத்துக்கொண்டு போனார். கட்டினவரிடம் பொய் சொல்லிவிட்டு, மாத்தளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறவள் உக்குவளையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஷெனாலிக்கு ஒரு மாதத்துக்கான வலிப்புக் குளிசை. பஸ் நிலையத்திலேயே உறையைக் கிழித்து விற்றமின் போத்தலுக்குள் கொட்டிவிட்டேன். வீட்டில் கேட்டால் விற்றமின். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. பதினைந்து வயதுப் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிறாள். நான் பழக்கியதுதான்.

இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். போன வருடம் மே மாதம் உபவாச ஜெபத்தில் பாஸ்டர் அவள் தலையில் கை வைத்தார். மூன்று வாரம் வலிப்பு வரவில்லை. கிறிஸ்தோபர் வீட்டிலிருந்த குளிசை எல்லாவற்றையும் சுதுகங்கை ஆற்றில் கொட்டிவிட்டு, அந்த ஞாயிறே சபையில் எழுந்து சாட்சி சொன்னார். கர்த்தர் என் பிள்ளையைச் சுகமாக்கிவிட்டார், இனி அவள் வாயில் ஒரு குளிசை போனால் அது அவிசுவாசம் என்றார். நான்காம் நாள் அவள் வலிப்பு வந்து குளியலறையில் விழுந்தாள். வீட்டில் நான் மட்டும்தான். வாயைத் துடைத்துவிட்டு, ஈரத்தில் வழுக்கிவிட்டாள் என்று அவரிடம் சொன்னேன். மறுநாளே கிளினிக்குக்கு ஓடினேன். அன்றிலிருந்து குளிசையும் நிற்கவில்லை, வலிப்பும் வரவில்லை.

ஏன் சொல்லவில்லை? அவளுக்கு ஐந்து வயதில் வலிப்பு தொடங்கியதிலிருந்து பத்து வருடம் அந்த மனிதர் நிம்மதியாகப் படுத்ததில்லை. இப்போது குறட்டை விடுகிறார். அந்தக் குறட்டையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருக்கிறதாக நடிக்க வேண்டாம் மார்ஜரி.

9 பெப்ரவரி, ஞாயிறு

"நான் சாட்சி சொல்லி எட்டு மாசம் ஆச்சு. இன்னைக்கு நீ எழும்பிச் சொல்லு" என்று கிறிஸ்தோபர் வேனிலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் சபை பலாபத்வலையில் ஒரு கடைக்கு மேல்மாடி. நாற்பது பேர் வந்தால் நெருக்கம். சாட்சி நேரத்தில் பாஸ்டர் மைக்கை நீட்டினார். "எட்டு மாசமா என் பிள்ளைக்கு வலிப்பு வரல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் என் கெட்டித்தனம். எல்லோரும் கை தட்டினார்கள். ஷெனாலி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்து படியில் ரஜனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவள், சபைக்குப் புதிது. அவளுடைய மகள் ஜெனிஸ்டாவுக்கு ஆறு வயது, அதே வலிப்பு.

"அக்கா, குளிசைய ஒரேயடியா நிப்பாட்டுனீங்களா, கொஞ்சங் கொஞ்சமாவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "ஒரேயடியாத்தான் தங்கச்சி. ஆத்துலயே போட்டேன்."

நான் சிரித்தேன். ஐயோ, சிரிச்சேனே.

10 பெப்ரவரி

துணி அளக்கும்போது இரண்டு தரம் பிழை விட்டேன். ரஜனி நிறுத்தியிருக்க மாட்டாள். பெற்றவள் அல்லவா, பயம் இருக்கும்.

16 பெப்ரவரி, ஞாயிறு

நிறுத்திவிட்டாள். புதன்கிழமையிலிருந்து.

"அஞ்சு நாள் ஆச்சுக்கா, ஒண்ணும் வரல. ஒங்க சாட்சிதான் எனக்குத் தைரியம்" என்கிறாள். கண் மினுங்குகிறது. ஜெனிஸ்டா நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். இரட்டைச் சடை, ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது.

"எதுக்கும் டொக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரு தங்கச்சி."

"நீங்க கேட்டீங்களாக்கா?"

ரிப்பனைக் கட்டிவிடுகிறேன் என்று பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

18 பெப்ரவரி

கடையில் என்னோடு நிற்கிற பஹ்மிதாவுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். கிளினிக் நாளில் முதலாளியிடம் எனக்காகப் பொய் சொல்கிறவள் அவள். இன்று அவளே ஆரம்பித்தாள்.

"மார்ஜரிக்கா, அந்தப் புள்ளக்கி ஏதாச்சும் ஆனா ஒங்களுக்குச் சோறு எறங்குமா? மருந்தும் படச்சவன் தந்ததுதானே. அதச் சொல்ல என்னத்துக்கு இவ்வளவு பயம்?"

"ஒனக்கு எங்க சபையத் தெரியாது."

"சபையத் தெரியா. ஒங்களத் தெரியும்."

கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே பின்பக்கம் போய் ரஜனிக்குப் போன் எடுத்தேன். "ஸ்தோத்திரம் அக்கா" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பதினொரு வருடமாக அது காலை ஒன்பது மணிக்குத்தான்.

21 பெப்ரவரி, வெள்ளி

ரஜனியிடம் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இவரிடம் சொல்ல வேண்டும். வேன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"மார்ஜரி, முந்தி போன் அடிச்சாலே ஸ்டியரிங்ல கை நடுங்கும் எனக்கு. பின்னால இருவது பிள்ளைங்க. நடுங்குற கையோட எத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன், யாருக்கும் சொன்னதில்ல. கர்த்தர் அத எடுத்துட்டாரு."

நான் வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வேறென்ன செய்வேன்?

வாயத் தொறந்தா என் வீடு இடியும். மூடுனா ரஜனி வீடு. ஆண்டவரே, ரெண்டு பக்கமும் கதவச் சாத்திப்புட்டு நீங்க எங்க நிக்கிறீங்க? குளிசை குடுக்கிறப்பவும் ஒங்ககிட்டதானே கேட்டேன், மருந்து வேலை செய்யும்னு நம்பித்தானே குடுத்தேன் – அது விசுவாசம் இல்லையா? பின்ன ஏன் கள்ளியாட்டம் ஒளிச்சு வைக்கிறேன்?

23 பெப்ரவரி, ஞாயிறு

ஜெனிஸ்டா நன்றாக இருக்கிறாள். கர்த்தர் அவளையாவது உண்மையாகவே சுகமாக்கியிருக்கலாம். அப்படியிருந்தால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரு ஜெபத்தை யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள்.

2 மார்ச், ஞாயிறு

இன்றும் சொல்லவில்லை.

4 மார்ச், செவ்வாய்

பகல் பதினொன்றுக்கு பாஸ்டர் கடைக்குப் போன் எடுத்தார். ஜெனிஸ்டாவுக்கு விடியற்காலை வலிப்பு வந்திருக்கிறது. நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக. லயத்து வீட்டு வாசற்படியில் நெற்றி பட்டு ஆறு தையல். மாத்தளை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். பஹ்மிதா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள்.

5 மார்ச், புதன்

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

பின்னேரம் பார்க்கும் நேரத்துக்கு பாஸ்டரும் நாங்கள் மூவரும் போனோம். ஜெனிஸ்டா கண் திறந்துவிட்டாள், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஒரு கையில் சேலைன். தலையைச் சுற்றிக் கட்டு. உயிருக்குப் பயமில்லை, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னாராம். ரஜனி கட்டில் கம்பியைப் பிடித்தபடி, "எனக்கு விசுவாசம் பத்தல பாஸ்டர். மார்ஜரி அக்காவுக்கு இருந்த மாதிரி எனக்கு இல்ல" என்றாள்.

அதை நான் கேட்டேன். கேட்டுக்கொண்டு நின்றேன்.

பாஸ்டர் ஷெனாலியைக் கூப்பிட்டார். "மகளே, நீ தொட்டு ஜெபம் பண்ணு. கர்த்தர் சுகமாக்கின பிள்ளை நீ."

ஷெனாலி என்னைப் பார்த்தாள். இதையும் எழுதத்தான் வேண்டும்: நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அந்த நேரத்திலும். அவள் பார்த்தாள், பார்த்துவிட்டு ரஜனி பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, எனக்குச் சுகமாகல. நான் டெய்லி குளிசை போடுறேன். காலைல ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு. அன்னைக்கு விழுந்ததுக்குப் பிறகு ஒரு நாளும் நிப்பாட்டல. நீங்களும் பாப்பாவுக்குக் குடுங்க."

சொல்லிவிட்டு ஜெனிஸ்டாவின் காலில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். சத்தமில்லாமல், நீளமாக. யாரும் ஆமென் சொல்லவில்லை.

ரஜனி "அக்கா?" என்றாள். அவ்வளவுதான். கிறிஸ்தோபர் பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

6 மார்ச்

பேசவில்லை. இவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனார்.

7 மார்ச்

ஷெனாலியிடம், உன்னை வைத்து நான் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள் என்றேன். "எனக்கும் அப்பா சிரிக்கிறது புடிச்சிருந்துச்சும்மா" என்றாள். அழுதுவிட்டேன். இரண்டு பேருமாக ஒரு மனிதருடைய சிரிப்பைக் காவல் காத்திருக்கிறோம்.

8 மார்ச், சனி

பாஸ்டர் வந்தார். தேத்தண்ணி குடிக்கவில்லை.

"சிஸ்டர், நான் எப்பவாச்சும் குளிசைய நிப்பாட்டச் சொன்னேனா?"

"சொல்லல பாஸ்டர். நிப்பாட்டினோம்னு இவர் சொன்னப்ப கை தட்டுனீங்க."

பாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. ஜெனிஸ்டாவுக்காக இரண்டு நாளாகப் பட்டினி கிடக்கிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு மெதுவாக, "சபைல இத இப்பப் பேச வேணாம். புதுசா வந்தவங்க இடறிருவாங்க" என்றார்.

"ஒருத்தி இடறி ஆஸ்பத்திரில இருக்கா பாஸ்டர். வேற யார் யார் நிப்பாட்டியிருக்காங்கன்னு நமக்குத் தெரியுமா?"

அப்போதுதான் கிறிஸ்தோபர் மூன்று நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார். "அவ சொல்லட்டும் பாஸ்டர்." என் முகத்தைப் பார்க்காமல், கோபத்தோடுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

9 மார்ச், ஞாயிறு

சொன்னேன். ஷெனாலி விழுந்தது, குளிசை வாங்கியது, ஒளித்தது, ரஜனி கேட்டபோது சிரித்தது, எல்லாம். "குளிசை போடுறவங்க யாரும் என் பேச்சக் கேட்டு நிப்பாட்டாதீங்க" என்றேன். கர்த்தர் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார். பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

இறங்கும்போது முன் வரிசை ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். சபையைக் கூட்டுகிற வேலை பார்க்கும் அன்னமேரி அக்கா மட்டும் கிட்ட வந்து காதுக்குள், "எனக்கு சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போடுறேன். நாலு வருஷமா ஒருத்தருக்கும் சொல்லல" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

16 மார்ச், ஞாயிறு

ஜெனிஸ்டா வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மாவை அடையாளம் தெரிகிறது, பேச்சுத்தான் இன்னும் திக்குகிறது. திரும்ப வரும் என்கிறார்களாம்.

தோட்டத்துக்குப் போனேன். ரஜனி வாசலிலேயே நின்றாள்.

"மன்னிக்கணும்னு தெரியும்க்கா. இப்ப முடியல."

"சரி" என்றேன். கொண்டுபோன அன்னாசியைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். என்னைத் திட்டியிருந்தால் வீட்டுக்கு வர லேசாக இருந்திருக்கும்.

2 ஏப்ரல், புதன்

கிளினிக்குக்கு இவர் போனார். கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. வேன் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, மேசையிலிருந்த, மருந்து எழுதும் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஷெனாலியோடு போனார். வந்ததும் "நாலு மணித்தியாலம் நிக்க வேண்டியிருக்கே" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவராகப் பேசிய முதல் பேச்சு.

இரவில் குறட்டை இல்லை.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

சிலுவையிலிருந்து இறங்கி வா என்று எல்லோரும் கத்தினார்கள், அவர் இறங்கவில்லை. வருடா வருடம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து இதைக் கேட்கிறேன், மண்டையில் ஏறினதே இல்லை. நோய் போனால்தான் அவர் வந்தார் என்று கணக்கு வைத்திருந்தேன். நோய் போகாமல் இருக்கிற வீட்டில் அவர் எங்கே உட்காருவார் என்று யோசிக்கவே இல்லை.

27 ஏப்ரல், ஞாயிறு

சபைக்குப் புறப்படும் நேரம் ஷெனாலிக்கு வலிப்பு வந்தது. குளிசை ஒழுங்காகப் போட்டும்தான். பத்து மாதத்துக்குப் பிறகு.

தலை சீவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் கிறிஸ்தோபர் தரையில் உட்கார்ந்திருந்தார். முந்தி என்றால் அவள் கையில் திணிக்க இரும்புச் சாவியைத் தேடி ஓடுவார், சாத்தானைக் கத்தித் துரத்துவார். இன்று ஒன்றுமில்லை. அவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தன் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. நடுங்கிய கையை அவள் தோளிலிருந்து எடுக்கவில்லை. "ரெண்டு நிமிஷம் பத்து செக்கன்" என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, போவோம் என்று ஷெனாலிதான் சொன்னாள்.

நாங்கள் நுழையும்போது சாட்சி நேரம். எங்களுக்கு மைக் வந்து ஏழு வாரம் ஆகிறது. இவர் உட்காராமல் அப்படியே வாசலில் நின்றார். பாஸ்டர் பார்த்தார், கொஞ்சம் தயங்கி மைக்கைக் கொடுத்தனுப்பினார்.

"இன்னைக்குக் காலைல பிள்ளைக்கு வலிப்பு வந்துச்சு" என்றார். ஷெனாலியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "வந்திருக்கோம்."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. பிறகு நடு வரிசையில் ஜெனிஸ்டாவை மடியில் வைத்திருந்த ரஜனி, திரும்பிப் பார்க்காமலே, ஆமென் என்றாள்.