சார்ஜா மணி

ஜனவரி 3
சர்க்கரை போடாமல் டீ கொடுத்துவிட்டேன். மாமி ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜனவரி 6
ஷிஃபா காலேஜிலிருந்து வந்திருக்கிறாள். இவருடைய தங்கை. அண்ணன் மனைவி என்பதால் என்னை மச்சி என்பாள். கையில் சாம்பல் நிற நூற்கண்டு. பார்த்தால் சாதா நூல்தான், ஆனால் மின்சாரம் ஓடுமாம்.

"மச்சி, ஒங்க கைத்தையல் வேணும். ரெண்டு துணியில ஆளுக்கொரு பூ. இங்க நீங்க பூவை அழுத்துனா நெட் வழியா சார்ஜாவுல அண்ணன் துணியில எரியும். அவுக அழுத்துனா இங்க எரியும்."

எதற்கு என்றேன்.

"ரெண்டு பேரும் போன்ல 'சாப்டாச்சா'வைத் தாண்ட மாட்றீங்களே, அதுக்குத்தான்."

பிள்ளை போனதிலிருந்து அப்படித்தான். மாமிகூட என்னைத் திட்டுவதை விட்டுவிட்டார்கள். ஹஃபீஸா ஒரே ஒரு நாள் இருந்தாள். அடக்கத்தை வீடியோவில் காட்ட மாமா மையத்தாங்கொல்லையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் எடுக்கவே இல்லை. மகளை மண்ணுக்குள் வைக்கும்போது ஒரு மனுஷருக்கு வேறென்ன வேலை? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜனவரி 8
குழந்தைக்கு எடுத்த மெல்லிய வெள்ளை 'வாயில்' துணி மிச்சம் இருந்தது. அதிலேயே தைத்தேன். எரியவில்லை. பழக்கத்தில் பின்பக்கம் நூலைக் குறுக்கே இழுத்து முடிச்சுப் போட்டிருந்தேன். "ரெண்டு நூலும் ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது மச்சி." பிரித்து மறுபடி தைத்தேன். சம்கிக்கு நடுவில் மிளகு அளவு விளக்குகள் எரிந்தன. ஷிஃபா குதித்தாள். அழகாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 10
தெருக்கார சஃபியுல்லா அண்ணன் சார்ஜா போகிறார். இன்னொரு துணியை இட்லிப்பொடியோடு கொடுத்துவிட்டோம்.

ஜனவரி 15
துணி கிடைத்ததாம். 'டெய்லி எட்டு மணிக்கு அழுத்துறேன்' என்று ஒரு மெசேஜ். அவ்வளவுதான்.

இவர் மணி சொன்னால் அது சார்ஜா மணி. ஹாலில் அதற்கென்றே தனிக் கடிகாரம், ஒன்றரை மணி நேரம் பின்னால். எந்த ஊர் மணி என்று யாரும் கேட்பதே இல்லை. அவருக்குச் சொல்வதும் சார்ஜா மணிதான். அவருக்கு எட்டு என்றால் நமக்கு ஒன்பதரை. வேலையை முடித்துவிட்டு ரூமில் துணிமுன் உட்கார்ந்தேன். எரியவில்லை. நான் அழுத்திவிட்டுப் படுத்தேன்.

ஜனவரி 16
எரியவில்லை.

ஜனவரி 19
இல்லை.

ஜனவரி 22
நானும் அழுத்துவதை விட்டுவிட்டேன். கோபம்கூட வரவில்லை. வரணுமே — ஏன் வரமாட்டேங்குது?

ஜனவரி 24
சார்ஜர் எடுக்க என் ரூமுக்குப் போன ஷிஃபா அடுப்படிக்கு ஓடி வந்தாள். "மச்சி, பூ எரியுது!" போய்ப் பார்ப்பதற்குள் அணைந்துவிட்டது. மணி எட்டு. இங்கே எட்டு. சார்ஜாவில் ஆறரைதான்.

உடனே போன் போட்டேன்.

"தெனமும்தான் அழுத்துறேன் ஜுவைரியா. ஒன்கிட்டேயிருந்துதான் ஒண்ணும் வர்ல. புடிக்கலை போலன்னு கேக்காம விட்டுட்டேன்."

"எட்டுன்னா ஒங்க எட்டு இல்லையா?"

"ஊர் எட்டு" என்றவர், அவராகவே சொன்னார்.

"புள்ள போன அன்னக்கி வாப்பா நாலரைக்கு அடக்கம்னாங்க. சார்ஜா மணின்னு நெனச்சுட்டேன். அதுவரைக்கும் சைட்ல நின்னேன், போன் லாக்கர்ல கெடந்துச்சு. கைகால் கழுவி ஒளு செஞ்சுட்டு நாலரைக்குப் போனை எடுத்தா, அங்க எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கே வந்துட்டாங்க. எந்த மொகத்தோட ஒன்கிட்ட சொல்றது? அன்னையிலேர்ந்து என் வாட்ச்சுல ஊர் மணிதான்."

அட பாவி மனுஷா. இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டு எப்படித் தூங்குனீங்க? நான்தான் ஒரு வார்த்தை கேட்டேனா?

ஜனவரி 25
அடுப்பில் பாலை வைத்துவிட்டு எட்டுக்கு முன்னாலேயே ரூமுக்கு வந்துவிட்டேன். எட்டுக்குப் பூ எரிந்தது. நானும் அழுத்தினேன். அணைந்தது, திரும்ப எரிந்தது. திரும்ப அழுத்தினேன். அவரும். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

பால் பொங்கி வழிந்து வீடெல்லாம் தீய்ந்த வாடை. மாமி ரூம் வாசலுக்கே வந்து திட்டினார்கள். நன்றாகத் திட்டினார்கள்.