சிவப்புக் கோடு

செவ்வாய், இரவு.

கம்பெனியில் வீண் நடையைக் குறைக்க வந்திருக்கும் நிபுணர், நேற்று நான் நடந்த வழியையெல்லாம் சிவப்புக் கோடாக வரைந்து இன்று சுவரில் ஒட்டிவிட்டார். லேத்திலிருந்து அளவு பார்க்கும் மேசைக்குப் போன கோடுகள் அத்தனையும் பேக்கிங் மல்லிகாவைச் சுற்றிக்கொண்டுதான் போயிருந்தன. அவளும் என்னைப் போலத் தனிக்கட்டை.

“இன்னா மாஸ்டரு, கோடெல்லாம் எங்கிட்டயே வந்து முட்டிக்கினு கீது?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் முகம் வழுக்கை வரை சிவந்தது.

நாளை அந்த மேசை என் லேத் பக்கத்திலேயே வந்துவிடும். இனி எந்தச் சாக்கில் அவளிடம் போவது?

கண்ணை மூடினால் வீட்டருகே இருக்கும் கொரட்டூர் ஏரிமேல் அந்தக் கோடு மிதக்கிறது. நான் அதன்மேல் நடக்கிறேன். கண் திறந்தால் இந்த டைரி எழுத்தும் மிதக்கிறது. கண்ணாடி இல்லை. மல்லிகாவின் மேசையில் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் நாளைக்குச் சொல்ல வேண்டும்.