துரையின் பீர்ப் பெட்டி

1943, மாசி, வெள்ளிக்கிழமை.

யுத்தம் வந்தபின் கப்பலில் பீர் வருவதில்லை. பொன்முடித் தோட்டத்துத் துரை பங்களாவிலேயே போட்டுக்கொள்கிறார். பீப்பாயில் நுரை அடங்கியதும், புளித்து முடிந்ததென்று பாட்டிலில் அடைத்துவிட்டார். மலைக் குளிரில் புளிப்பு தூங்கித்தான் போயிருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருக்கலாம். இன்று கீழே நகரத்துக் கிளப்பில் விருந்தாம், பொறுக்கவில்லை.

காரில் நாய்க்கு இடம் வேண்டுமாம். குமாஸ்தா நான் பெட்டியோடு பஸ்ஸில் வந்தேன். கீழே இறங்க இறங்க வெயில். எங்கள் தெருமுனை, கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் இறங்கிப் பெட்டியைத் தோளில் ஏற்றியதும் பாட்டில்கள் படபடவென்று வெடித்தன. வேஷ்டியெல்லாம் பீர்.

“சாமியும் குடி தொடங்கியோ?” என்று கண்டக்டர் சிரித்தான்.

உடைந்த பெட்டியைக் கிளப்பில் கொண்டுபோய் வைத்தேன். “நீ ஏன் குலுக்கினே, மேன்?” என்றார் துரை.

வீட்டு வாசலிலேயே செல்லம் என்னை நிறுத்தினாள். “சத்தியமா நான் குடிக்கலைடி” என்றேன்.

“தெரியும். குடிச்சிருந்தாலாவது உங்க ஆசைக்குன்னு இருக்கும். எவனோ குடிக்க, நம்ம தெருமுனையில நீங்க சுமந்தேளே” என்றாள்.

அவளிடம் இன்னொன்றைச் சொல்லவில்லை. அடுத்த பீப்பாயிலும் நுரை அடங்கிவிட்டதாம். திங்கட்கிழமை வந்து எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்.