மூக்கை நம்பாதவர்களுக்கு ஒரு மீட்டர்

12.6.2007, செவ்வாய்
காலையிலேயே வெயில். காரில் மறுபடி பெட்ரோல் நாற்றம். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினேன். கரி. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. இதைச் சொல்ல கம்ப்யூட்டர் எதற்கு?

ஜி.எஸ்.டி. ரோடு சர்வீஸ் சென்டர், மூன்றாம் முறை. மானேஜர் என் மகன் செந்திலைவிடச் சின்னவன். கம்ப்யூட்டரில் குறையே இல்லையாம். எல்லோர் முன்னாலும் சொன்னான்: “சார், வண்டி ஓகே. வயசானா ஸ்மெல் கொஞ்சம் அப்படி இப்படித்தான் தெரியும். டாக்டர்கிட்ட மூக்கைக் காட்டுங்க.”

செந்தில் பக்கத்தில் நின்று சிரித்தான். வண்டி அவன் பெயரில்.

20-ஆம் தேதி வாரண்டி முடிகிறது. அதற்குள், குறை இருந்தது என்று அந்த மானேஜர் கையாலேயே எழுத வைக்க வேண்டும்.

13, புதன்
புழுக்கம். கரண்ட் இல்லை. தாம்பரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. காற்று-பெட்ரோல் மீட்டர் கேட்டேன். கடைக்காரர் கலர் விளக்கு வைத்த ஒன்றை எடுத்துப் போட்டார்.

“நைனா, இது சூப்பரா கீது. ரேஸ் பசங்கல்லாம் இத்தான் வாங்கினு போறாங்க. உனுக்கு எதுக்கு இந்த பேஜாரு?”

பெட்டி மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். புகையில் காற்றை அளக்க வண்டியில் ஏற்கெனவே இருக்கும் சென்சாரிலிருந்து ஒயர் இழுக்க வேண்டும். என் சந்தேகமே அந்த சென்சார் மேல்தான். அது பொய் சொல்வதால்தான் கம்ப்யூட்டர் குறை காட்டவில்லை. திருடனையே சாட்சிக்குக் கூப்பிடுவதா? ஒயரை வெட்டினால் வாரண்டியும் போச்சு.

இரண்டாவது: தனி சென்சார், எண் காட்டும். ஆனால் சைலன்சர் குழாயில் துளை, வெல்டிங். வாரண்டி போச்சு.

மூன்றாவது: அதே தனி சென்சார். புகைக்குழாய் வாயில் கிளாம்ப் போட்டு மாட்டலாம். வெட்டு இல்லை, துளை இல்லை. விலை நாலு மடங்கு. வாங்கினேன். பம்ப்செட்டைப் பிரித்துப் பிரித்துக் கற்றவன் நான். எவனும் சொல்லித் தரவில்லை.

சாம்பாரில் உப்பு அதிகம். சொன்னால் சண்டை.

15, வெள்ளி
வண்டியை நிறுத்தி வைத்துப் பார்க்கக் கூடாது. வெளிக்காற்று கலந்து எண் தப்பும். ஓட வேண்டும். பல்லாவரம் பக்கம் சந்தைக் கூட்டம். எனவே சிங்கப்பெருமாள் கோவில் வரை. செந்தில் முனகிக்கொண்டே ஓட்டினான்.

ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வர வேண்டும். சீரான வேகத்தில் வந்தது: 12.8. 12.7. 12.8.

செந்தில் சிரிக்கவில்லை. “சரிப்பா, உன் மூக்கு கரெக்ட்தான். சென்சார் மட்டும் மாத்திக்கிட்டு விட்டுடு.”

விடுவதாவது.

18, திங்கள்
முழங்கால் வலி. மானேஜரை வண்டியில் ஏற்றி அதே ரோட்டில் ஓட்டிக் காட்டினேன். 12.8. சென்சார் மாற்றினார்கள். மறுபடி ஓட்டம். 14.6, 14.7.

பிறகு காகிதம். ‘குறை எதுவும் காணப்படவில்லை. வாடிக்கையாளர் திருப்திக்காக சென்சார் மாற்றப்பட்டது.’

12.8 எங்கே என்று கேட்டேன்.

“அதெல்லாம் எழுத முடியாது சார். பார்ட் ஃப்ரீயா போட்டாச்சு இல்ல? சைன் பண்ணுங்க.”

பண்ணவில்லை. சாவியை மேஜை மேல் வைத்தேன். மீட்டரைக் கழற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

20, புதன்
தூறல். செந்தில் ஆபீசுக்குப் பாதி நாள் லீவு போட்டு, கையெழுத்தும் போட்டு, வண்டியை எடுத்து வந்துவிட்டான். நாற்றம் இல்லை.

“வண்டி சரியாயிடுச்சுப்பா. இன்னும் என்னதான் வேணும் உனக்கு?”

காகிதத்தை வாங்கினேன். ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்பதை அடித்தேன். மேலே எழுதினேன்: 12.8. கீழே என் கையெழுத்து. மூன்று ஜெராக்ஸ். ஒன்று மானேஜருக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று செந்தில் தலையணை மேல்.